ஜாக்குலி பெட்டி

எங்கள் கல்லியில், அதாவது சந்தில், புதிதாக எது வந்தாலும் "இது என்ன?" என்று யாரும் முதலில் கேட்பதில்லை. "இதுக்கு யாரு பொறுப்பு?" என்றுதான் கேட்பார்கள். தண்ணீர் மோட்டாரோ தெருவிளக்கோ, வெளியாளின் பொருள் உள்ளே வர வேண்டுமென்றால் கல்லிக்காரர் ஒருவர் சங்கத்தில் எழுந்து நின்று "நான் பொறுப்பு" என்று சொல்ல வேண்டும். அதன் பிறகு அந்தப் பொருளுக்கு அந்த ஆளின் பெயர்தான். பிச்சையா மோட்டார், லூர்து மேரி லைட்டு. மோட்டார் ஓடாவிட்டால் மோட்டாரை யாரும் திட்டமாட்டார்கள், பிச்சையாவைத் திட்டுவார்கள்.

அந்த வழக்கப்படி சங்கக் கட்டிடத்தின் மொட்டைமாடியில் வந்து உட்கார்ந்ததுதான் ஜாக்குலி பெட்டி. ஜாக்குலி நான்தான். முழுப்பெயர் ஜாக்குலின். பிறந்து வளர்ந்தது தாராவியில் அதே கல்லி, இப்போது வீடும் வேலையும் செம்பூரில். அப்பா ரிட்டயர் ஆனதும் நாங்கள் செம்பூர் போய்விட்டோம். போனாலும் எங்களைக் கல்லிக்காரர் என்றுதான் கணக்கு வைத்திருந்தார்கள்.

நான் வேலை பார்ப்பது ஒரு சின்னக் கம்பெனி. கம்பியில்லாத் தொடர்புக்குச் சிலிக்கான் சில்லு செய்கிறோம். டெராஹெர்ட்ஸ் என்பார்கள், உங்கள் போன் பேசுகிற அலையைவிட நூறு மடங்கு வேகமாகத் துடிக்கிற அலை. அந்தத் துடிப்புக்குச் சாதாரண சிலிக்கானுக்கு மூச்சு வாங்கும். விலை கூடிய வேறு பொருள்களில் செய்வது சுலபம். ஆனால் சிலிக்கானில் செய்தால்தான் மலிவு, மலிவானால்தான் எங்கள் கல்லி மாதிரி இடத்துக்கு வந்து சேரும். எங்கள் முதலாளி வேங்கடசுப்ரமணியன், எங்களுக்கு வெங்கட் சார், விடாப்பிடியாக அதைச் சிலிக்கானில் செய்துவிட்டார். அனுப்புவது, வாங்குவது இரண்டும் சுண்டுவிரல் நகத்தளவு சில்லில். அதற்காக அவரை நான் கும்பிட்டேன் என்றே சொல்லலாம்.

சோதனைக்கு இரண்டு பெட்டி. ஒன்று தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம், மாட்டுங்காவில் வெங்கட் சார் குடியிருக்கிற கட்டிடத்தின் மாடியில். இன்னொன்று இந்தப் பக்கம் தாராவியில். குழி தோண்ட வேண்டாம், கேபிள் இழுக்க வேண்டாம், ஒரு முழுப் படம் கண்மூடித் திறப்பதற்குள் வந்து விழும். இரண்டு பெட்டிக்கும் நடுவில் அலை ஊசி மாதிரி ஒல்லியாகப் போகும். அந்த அலைக்கு ஒரே எதிரி தண்ணீர். காய்ந்த துணி, காய்ந்த பலகை எல்லாம் அதற்கு ஒரு பொருட்டே இல்லை, ஊடே புகுந்து போய்விடும். ஈரமென்றால் அங்கேயே சுருண்டுவிடும். ஆவி பட்டால்கூடத் தளரும்.

தாராவியில் வைக்கலாம் என்றது நான்தான். வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொள்கிறோம் என்று அப்போது தோன்றவில்லை.

சங்கத்தில் கூட்டம் போட்டார்கள். செயலாளர் பூலோகம் அண்ணாச்சி பெட்டியைத் தொடவே இல்லை, தூர நின்று பார்த்தார்.

"இது போட்டோ புடிக்குமா?"

"புடிக்காது அண்ணாச்சி. இதுல கேமராவே கெடையாது."

"ஒட்டுக் கேக்குமா?"

"கேக்காது."

"சர்வேக்கும் இதுக்கும் எதும் சம்பந்தம் உண்டா? அதச் சொல்லு மொதல்ல."

எல்லோரும் காத்திருந்த கேள்வி அதுதான். கல்லியை இடித்துக் கட்டப்போகிறார்கள் என்று பல வருடமாகப் பேச்சு. டேப்லட்டோடு பையன்கள் வந்து வாசலில் நின்று கேள்வி கேட்டுவிட்டுப் போவார்கள். தரைவீட்டுக்காரருக்கு ஒரு கணக்கு, மேல்மாடிக்காரருக்கு ஒரு கணக்கு. மேல்மாடியில் குடும்பம் இருந்தால் எங்கேயாவது ஒரு வீடு கிடைக்குமாம், தொழில் நடந்தால் பெயரே சேராதாம். இது மெய்யா பொய்யா யாருக்கும் தெரியாது. தெளிவாகச் சொல்ல ஒருவரும் வரவில்லை, அதனால்தான் அத்தனை பயம்.

"ஒரு சம்பந்தமும் கெடையாது. நான் பொறுப்பு," என்றேன்.

கூட்டத்தின் ஓரத்தில் விஜயராணி சித்தி முழங்கையில் மாவு காய்ந்த கையோடு நின்றிருந்தாள். "ஜாக்குலி சொன்னா செரிதான். நம்ம புள்ள," என்றாள். அதோடு கூட்டம் முடிந்தது.

விஜயராணி சித்தி சொந்தச் சித்தி இல்லை. அம்மாவோடு ஒரே குழாயில் தண்ணீர் பிடித்தவள், அந்த உறவு. இட்லி வியாபாரம். காலையில் மேல்மாடி அறையில் கொப்பரைகளில் இட்லி அவிப்பாள். அவள் வீட்டுக்காரர் பிச்சையாவும் இன்னும் இரண்டு பேரும் மாட்டுங்கா, தாதர் பக்கம் சைக்கிளில் கொண்டுபோய் விற்பார்கள். சமையல் முடிந்து கழுவிவிட்ட பிறகு அதே அறையில் மகள் ஷாலினி கைக்குழந்தையோடு பாய் விரித்துப் படுப்பாள். கீழ்வீடு வேறு ஆளுடையது. சித்திக்கு பம்பாயில் இருப்பதெல்லாம் அந்த ஒரு மேல்மாடி அறை. அது வீடா பட்டறையா என்று கேட்டால் இரண்டும்தான். டேப்லட்டில் இரண்டும் என்று போட இடமில்லை.

பெட்டி ஓட ஆரம்பித்ததும் காலையில் அலை தளர்ந்து தளர்ந்து எழும். செம்பூர் ஆபீசில் திரையில் அது பள்ளம் பள்ளமாகத் தெரியும். வெங்கட் சார் காபி டம்ளரோடு என் பக்கத்தில் வந்து உட்காருவார். மாட்டுங்காவில் மூன்று தலைமுறையாக இருக்கிற குடும்பம், மெதுவாகத்தான் பேசுவார்.

"ஜாக்குலின், இது என்ன பள்ளம்? தினம் இதே நேரத்துக்கு வர்றதே."

"அது எங்க சித்தியோட இட்லி ஆவி சார். மூணு பள்ளம் இருக்கு பாருங்க, மூணு ஈடு. ஒரு தடவை கொப்பரையில ஏத்தி இறக்கினா ஒரு ஈடு. ஞாயித்துக்கிழமைன்னா நாலு."

"பேஷ். அப்ப பத்து மணிக்கு வர்ற இது?"

"இட்லித் துணியைத் துவைச்சுக் காயப்போடுறாங்க. ஒரு ஈட்டுக்குப் போட்ட துணியை அடுத்த ஈட்டுக்குப் போடமாட்டாங்க சார், இட்லி ஒட்டும்பாங்க. அதான் அத்தனை துணி."

அவர் ஆச்சரியப்படுவது எனக்குப் பிடித்திருந்தது. ஐஐடி படித்தவர் எங்கள் கல்லியைப் பற்றி என்னிடம் பாடம் கேட்கிறாரே என்று ஒரு பெருமை. இந்தக் கூரையில் அப்பளம், அந்தக் கூரையில் சாயத்தில் முக்கியெடுத்த நூல் என்று ஒவ்வொரு பள்ளத்துக்கும் ஆள் பேர் சொன்னேன். நாலு நாள் பள்ளமே இல்லாதபோது, "சித்திக்குப் பல்லுவலி சார், அடுப்பே பத்த வைக்கலை" என்றுகூடச் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே தட்டச்சு செய்துகொண்டிருந்தார். ஏதோ மெயில் என்று நினைத்தேன்.

அப்புறம் ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் தொடர்பு சுத்தமாக அறுந்தது. தளரவில்லை, அறுந்தது. கொஞ்ச நேரத்தில் தானாக வந்தது, பிறகு மறுபடி அறுந்தது. புதன்கிழமையும் அப்படியே. மழைக்காலம் முடிந்து வானம் பளிச்சென்றிருந்த நேரம்.

வெங்கட் சார் குரல் அன்றைக்கு அவ்வளவு மெதுவாக இல்லை. "யாரோ வேணும்னு பண்றா ஜாக்குலின். சனிக்கிழமை கார்த்தால மாட்டுங்கா மாடிக்கு முக்கியமான கெஸ்ட்ஸ் வர்றா. அதுக்குள்ள யாருன்னு கண்டுபிடிச்சாகணும்."

எனக்குப் பூலோகம் அண்ணாச்சி மேல்தான் சந்தேகம். சங்கத்துக்கு இலவசமாக நெட் வேண்டுமென்று கேட்டிருந்தார். இது சோதனைதான் என்று நான் சொன்னதிலிருந்து முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். பெட்டியைக் கொஞ்சம் திருப்பிவிட்டால் போதும், ஊசி வழி தப்பிவிடும். மொட்டைமாடிச் சாவியும் அவரிடம்தான். வியாழக்கிழமை சொல்லாமல் கொள்ளாமல் போய் இறங்கினேன். சாவி வாங்கிக்கொண்டு, தண்ணீர்த் தொட்டி நிழலில் உட்கார்ந்து, போனில் தொடர்பின் அளவைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அண்ணாச்சி ஒரு டீயோடு மேலே வந்தார். பெட்டிப் பக்கம் போகவில்லை, என்னையே பார்த்தார்.

"பெட்டியப் பாக்க வந்தியா, எங்களப் பாக்க வந்தியா?"

"பெட்டியத்தான் அண்ணாச்சி. கட்பட் ஆவுது, விட்டு விட்டு வருது."

"ஆவும் ஆவும்," என்றார். என்ன அர்த்தத்தில் சொன்னார் என்று தெரியவில்லை. அவர் டீயை வைத்துவிட்டு என் எதிரில் நிற்கும்போதே போனில் அளவு சரிந்து பூஜ்யத்தில் நின்றது. அவர் கையோ காலோ பெட்டியில் இல்லை. ஆளைத் தப்பாகச் சந்தேகப்பட்டோம் என்று முகம் சுட்டது. சட்டென்று எழுந்து மாட்டுங்கா பக்கம் பார்த்தேன்.

அடுத்தடுத்த கூரைகளில் நாலாவது விஜயராணி சித்தியுடையது. அங்கே இரண்டு மூங்கிலுக்கு நடுவே ஒரு கிளிப்பச்சைப் புடவை. காயப்போடுகிற புடவையை இரண்டாக மடித்துக் கொடியில் போடுவார்கள். இது மேலும் கீழும் கிளிப் மாட்டி, படம் காட்டுகிற திரைபோல இழுத்துக் கட்டியிருந்தது. முகம் நேரே மாட்டுங்காவைப் பார்த்து. பாலியெஸ்டர் புடவை. வெயிலில் நீர் சொட்டி முடிந்ததும் போனில் அளவு மெல்ல ஏறியது. உடனே ஒரு கை ஒரு செம்பு தண்ணீரை அதன்மேல் வீசியது. அளவு மறுபடி விழுந்தது.

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். இரும்பு ஏணியில் ஏறி அந்தக் கூரைக்குப் போய்ச் சேர்வதற்குள் பாதிச் சண்டையை மனதுக்குள் போட்டு முடித்திருந்தேன்.

"சித்தி, என்ன காரியம் பண்ணுதீங்க? ஒங்களுக்கு நான் என்ன கொற வச்சேன்?"

சித்தி செம்பைக் கீழே வைக்கவில்லை. "கத்தாத. பிள்ள தூங்குது."

"இதுனால என் வேலையே போயிரும். தெரியுமா?"

"எனக்கு வீடு போயிரும்ட்டி."

அந்தப் பெட்டி படம் பிடிக்காது, ஒட்டுக் கேட்காது, சினிமா கொண்டுவருகிற பெட்டி என்று மறுபடியும் அடியிலிருந்து ஆரம்பித்தேன். சித்தி குறுக்கே பேசாமல் கேட்டாள். பிறகு சொன்னாள்.

"திங்கக்கெழம சர்வேக்காரப் பையன் வந்தான். மராட்டிப் பையன். மேல குடும்பம் இருக்கு, கைப்பிள்ள இருக்குன்னு சொல்லுதேன். அவன் டேப்லட்டப் பாத்துக்கிட்டே, மேல மூணு ஈடு அவிக்கியளாமே, ஞாயித்துக்கெழம நாலாமேங்கான். இந்தியில பேசிக்கிட்டு வாரான், நடுவுல ஈடுங்கான். படியேறாதவனுக்கு அது எப்படிட்டி தெரியும்?"

"யாராவது சொல்லியிருப்பாங்க. கல்லி பூராத் தெரிஞ்ச விசயம்தான?"

"நானும் அப்படித்தான் நெனச்சேன். போறப்ப கேக்கான், பல்லுவலி செரியாயிட்டான்னு."

நான் போனை அணைத்துப் பைக்குள் போட்டேன்.

"பல்லுவலின்னு நான் வெளிய ஒருத்தர்ட்டயும் சொல்லல. சொன்னா கஸ்டமர் சீக்காளி கை பட்ட இட்லின்னு நெனப்பான், அதுனால அரிசி வரலன்னுதான் சொன்னோம். எங்க வீட்டுக்காரவியளுக்குத் தெரியும், ஷாலினிக்குத் தெரியும்." புடவையின் நுனியை இழுத்துச் சரிசெய்தபடி, என்னைப் பார்க்காமலே முடித்தாள். "ஒனக்குத் தெரியும். போன்ல சொன்னேன்லா."

தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். சித்தி பெட்டியைச் சந்தேகப்பட்டுப் புடவை கட்டியிருக்கிறாள். ஆனால் பெட்டிக்குப் பல்வலி தெரியாது. பெட்டிக்குத் தெரிந்தது பள்ளம் மட்டும்தான்.

"நான் விசாரிச்சுட்டு வாரேன் சித்தி," என்றேன். அவள் செம்பை மறுபடி நிரப்பப் போனாள்.

ஆபீசுக்கு நேரே போனேன். வெங்கட் சார் எதையும் மறைக்கவில்லை. மறைத்திருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். நாற்காலியை இழுத்துப் போட்டு, புதுப் பிள்ளையைக் காட்டுவது மாதிரி ஆசையாகத் திரையைத் திருப்பிக் காட்டினார்.

எங்கள் கல்லி மேலிருந்து தெரிந்தது. ஒவ்வொரு கூரைக்கும் ஒரு நிறம்.

"ஈரம் அலையைக் குடிக்கறது, ஆனா கொஞ்சம் திருப்பியும் அனுப்பறது. எவ்வளவு தூரத்துலேர்ந்து திரும்பறதுன்னு பார்த்தா எந்தக் கூரைன்னு தெரிஞ்சுடும். கம்யூனிகேஷனுக்கு நாலு வருஷமா யாரும் வரலை, ஜாக்குலின். சென்ஸிங்குன்னு, அலையை வெச்சே எங்க என்ன நடக்கறதுன்னு கண்டுபிடிக்கலாம்னு சொன்னதும் சர்வே எடுக்கற கன்சல்டன்ட் தானா ஓடி வந்துட்டான். மாடி ஏற வேண்டாம், கதவைத் தட்ட வேண்டாம். எங்க குடித்தனம், எங்க தொழில்னு இங்கேர்ந்தே சொல்லிடலாம்."

சித்தியின் கூரை சிவப்பு. அதன்மேல் விரலை வைத்தேன். ஆங்கிலத்தில் விரிந்தது: இட்லி, மூன்று ஈடு, ஞாயிறு நான்கு, தொழில். கீழே சின்ன எழுத்தில் நாலு நாள் இடைவெளி, காரணம் உரிமையாளருக்குப் பல்வலி. நான் காபி குடித்துக்கொண்டு சொன்ன ஒவ்வொரு வார்த்தையும், சொன்ன வரிசையிலேயே இருந்தது.

"பள்ளத்தை மட்டும் வெச்சுண்டு ஒண்ணும் பண்ண முடியாது," என்றார். "எது இட்லி, எது அப்பளம்னு யாராவது சொன்னாத்தான் மெஷின் கத்துக்கும். க்ரவுண்ட் ட்ரூத்னு சொல்லுவோமே. அது நீங்கதான். ஆராய்ச்சிப் பேப்பர்ல உங்க பேரையும் போட்டிருக்கேன்."

"சார், சர்வேக்கு இல்லைன்னு நான் பொறுப்பு சொல்லியிருக்கேன் சங்கத்துல."

"சொன்னப்ப அது உண்மைதானே. நான் எதையும் மாத்தி எழுதலை. நீங்க சொன்னதைத்தான் எழுதினேன்."

"அந்த ரூம்ல கைக்குழந்தை இருக்கு சார். அதையும் சொன்னேனே உங்ககிட்ட."

அவர் கொஞ்சம் யோசித்தார். நிஜமாகவே யோசித்தார். "குழந்தைக்கு ஆவி வராதே," என்றார்.

அந்த ஆளை அடிக்கத் தோன்றியது. கெட்டவராக இருந்தால் திட்டியாவது இருக்கலாம். அவருக்குத் தன் சில்லு ஜெயிக்க வேண்டும், அவ்வளவுதான். சில்லின் மறுமுனையில் யார் வீடு இருக்கிறது என்பது அவர் கண்ணில் படவே இல்லை. சனிக்கிழமை வருகிற சர்வே ஆட்களுக்குப் பிடித்துவிட்டால் தாராவி ஓரம் முழுக்கப் பெட்டி வைப்பார்களாம். "நீங்க தாராவி எண்ட்ல இருங்கோ. அந்தப் புடவையை மட்டும் எடுக்கச் சொல்லிடுங்கோ," என்று காபியை முடித்தார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கல்லிக்குப் போனேன். வழியெல்லாம் ஒவ்வொரு முகமும் எனக்கு எதையோ தெரிந்துகொண்ட முகமாகவே பட்டது. சங்கத்தில் சொன்னால் பெட்டியை அரை மணியில் நொறுக்கிவிடுவார்கள், போலீஸ் வரும், அடிபடுவது பூலோகம் அண்ணாச்சிதான். நொறுக்கினாலும் இன்னொரு பெட்டி வேறு கல்லியில் உட்காரும். மாட்டுங்கா மாடியில் வந்து நிற்பவர்களின் கண்முன்னால் அது ஒன்றுமே தெரியாத குருடாக நிற்க வேண்டும்.

சித்தி மேல்மாடியில் மாவு கரைத்துக்கொண்டிருந்தாள். ஷாலினி குழந்தைக்குத் தொட்டில் ஆட்டினாள். நான் வாசற்படியிலேயே நின்றேன்.

"சித்தி, பாலியெஸ்டர் ஒண்ணுக்கும் ஒதவாது. காஞ்சிட்டா அந்த அலை ஊடால போயிரும். இட்லித் துணிதான் வேணும். பருத்தி. ரெண்டா மடிச்சு, புழியாமக் கட்டணும்."

கரைக்கிற கை நின்றது. "எதுக்கு?"

"நாளைக்கிக் காலைல அந்தப் பக்கம் ஆளுங்க வாராங்க. இந்தப் பெட்டி என்னெல்லாம் பாக்கும்னு காட்டப்போறாங்க. ஒங்க கூரைல மட்டும் கட்டுனாப் பத்தாது. இங்கேருந்து தண்டவாளம் வரைக்கும் அத்தன கூரையிலயும் கட்டணும்."

"அப்ப அது பாக்குது."

"பாக்குது."

"பாக்காதுன்ன."

"ஆமா. சொன்னேன்."

சித்தி கையில் ஒட்டிய மாவை வழித்துப் பாத்திரத்தில் போட்டாள். அவசரமே இல்லாமல் விரல் விரலாக வழித்தாள். "பல்லுவலியையும் அதுதான் பாத்துச்சா?"

பொய் சொல்லலாம் என்று தோன்றாமல் இல்லை. ஷாலினிகூடத் தொட்டிலை நிறுத்திவிட்டாள். "இல்ல சித்தி. அது நான் சொன்னது. மூணு ஈடும் நான்தான் சொன்னேன். ஆபீஸ்ல காப்பி குடிக்கிறப்ப, பெருமையாச் சொன்னேன். எழுதிக்கிட்டாங்கன்னு தெரியாது."

அழுகை வந்தது. அவள் திட்டுவாள், ஒரு அறை விடுவாள், அதோடு தீரும் என்று எதிர்பார்த்தேன். சித்தி எழுந்து போய்க் கொடியிலிருந்த துணிகளை உருவி மடித்து என் கையில் வைத்தாள்.

"இத எடுத்துக்கிட்டு ஒவ்வொரு வீடா நீ போ. நான் சொன்னேன்னு சொல்லு. பெட்டிக்கு ஒம் பேருதான, நீயே கேளு."

போனேன். அப்பளக்காரி வேட்டி தந்தாள், சாயக்காரர் நூல் மூட்டை கட்டுகிற காடாத் துணி தந்தார். எதற்கு என்று எல்லோரிடமும் சொன்னேன். ஒருவரும் கத்தவில்லை. பூலோகம் அண்ணாச்சி முழுதும் கேட்டுவிட்டு, "ஆவும்னு சொன்னேன்லா," என்றார். தன் மேல்மாடியில் ஓடுகிற தையல் மெஷின் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. சத்தம் மட்டும் என் தலைக்கு மேல் கேட்டுக்கொண்டிருந்தது, நான் நிற்கும்போதே அதுவும் நின்றது.

சனிக்கிழமை காலை வெயில் சுள்ளென்று அடித்தது. கூரை கூரையாக வெள்ளைத் துணி, நீர் சொட்டச் சொட்ட. காயக் காயப் பெண்கள் செம்பால் வீசிக்கொண்டிருந்தார்கள். உள்ளே சித்தி வழக்கம்போலத்தான் அவித்தாள், ஒரு ஈடு குறைக்கவில்லை. என் போனில் அளவு பூஜ்யத்தைவிட்டு எழவே இல்லை.

வெங்கட் சார் கூப்பிட்டார். பின்னால் ஆட்கள் பேசுகிற சத்தம். "என்ன ஜாக்குலின், எல்லாம் ஜீரோவா இருக்கு. அங்க மழையா?"

"வெயில் சார். நான்தான் துணி கட்டச் சொன்னேன். ஈரத்துணி."

"நீங்களா?"

"நான் இங்க பொறுப்பு சார்."

அவர் போனை வைக்கவில்லை. "பத்து வருஷ உழைப்பு ஜாக்குலின்," என்றார். குரல் உடைந்திருந்தது. எனக்கும் வலித்தது, அது என் உழைப்பும்தான். வந்தவர்கள் ஒரு செம்புத் தண்ணீருக்குத் தாங்காத கருவி எங்களுக்கு எதற்கு என்று கேட்டுவிட்டுப் போனதாகப் பிறகு தெரிந்தது. அடுத்த வாரம் பெட்டியைக் கழற்றிக்கொண்டு போனார்கள். என் வேலையும் அதோடு போயிற்று. நானே எழுதிக் கொடுத்தேனா, அவர்கள் கேட்டு வாங்கினார்களா என்பது இப்போது முக்கியமில்லை.

சர்வேக்காரர்கள் மறுபடி வந்தார்கள். இந்தத் தடவை படியேறித்தான் வந்தார்கள். மேலே பாயும் தொட்டிலும் இருந்தன, அடுப்பு எங்கே போனது என்று எனக்குத் தெரியாது. சித்தியின் பெயர் சேர்ந்துவிட்டது என்று அம்மா சொன்னாள். அம்மாவுக்கும் வேறு யாரோ சொல்லித்தான் தெரியும்.

போன ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசை முடிந்து சித்தி வீட்டுக்குப் போனேன். படியேறும்போதே அனல் அடித்தது. "வாட்டி," என்று தட்டில் இட்லி வைத்துச் சட்னி ஊற்றினாள். குழந்தை தவழ ஆரம்பித்திருந்தது. மனசு லேசாகி, பழைய பழக்கத்தில் வாய் தவறிக் கேட்டுவிட்டேன்.

"இன்னைக்கு எத்தன ஈடு சித்தி?"

ஷாலினி தாயைப் பார்த்தாள். சித்தி கொப்பரையின் மூடியைச் சரிசெய்தாள்.

"ஒரு ஈடுதான். ஏவாரமே இல்ல இப்பம்."

அவள் தலைக்குப் பின்னால் கொடியில் நாலு ஈட்டுத் துணியும் வரிசையாகச் சொட்டிக்கொண்டிருந்தது. நான் பார்ப்பதை அவளும் பார்த்தாள்.

"ஆமா சித்தி, எல்லா எடத்துலயும் அப்படித்தான் இருக்கு," என்றேன். அவள் எப்போதும்போலக் கேட்காமலே இன்னும் இரண்டு இட்லி வைத்தாள்.